மேலே ஒரு வழி, கீழே ஒரு வழி

ஏலப்பாறை ஒரு மலை ஊர். கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், பீர்மேடு வட்டத்தில் உள்ளது. குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை போகும் சாலையில் இந்த ஊர் வரும். ஊரின் பெயரிலேயே ஏலம் இருக்கிறது. ஆனால் சுற்றிலும் கண்ணுக்குத் தெரிவது தேயிலை. தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வேலைக்கு வந்தவர்களின் குடும்பங்கள் இங்கே லயங்களில் வாழ்கின்றன.

கொழுந்து எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கொழுந்து கொடுத்தால்தான் 1 கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். மீதி 4 கிலோ எங்கே போயிற்று? அது தண்ணீர். ஆலையில் கொழுந்தை வாட்டிக் காயவைக்கும்போது ஆவியாகிப் போய்விடுகிறது. கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

அந்தத் தண்ணீரைக் கொழுந்துவரை ஏற்றியது யார்? மோட்டார் இல்லை. பம்ப் இல்லை. செடிக்கு மனிதனைப் போல இதயமும் இல்லை. ஆனாலும் மண்ணிலுள்ள நீர் இலைக்குப் போகிறது. இலை தயாரிக்கும் உணவு வேருக்கு வருகிறது. செடிக்குள் இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால், தோட்டத்தில் செய்யும் பல வேலைகளின் காரணம் விளங்கும்.

வேர் எப்படிக் குடிக்கிறது?

தடித்த வேர்கள் செடியைத் தாங்கி நிற்கின்றன. தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் இளம் வேர்கள்தாம். அவற்றின் நுனிக்குச் சற்று மேலே மெல்லிய தூவிகள் இருக்கின்றன. இவை பூனை முடியைவிட மெல்லியவை. மண் துகள்களுக்கு இடையே நுழைந்து, அங்குள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கின்றன.

உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் ஊதிப் பெருக்கும். மெல்லிய தோல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. ஏனென்றால் திராட்சைக்குள் சர்க்கரை செறிவாக இருக்கிறது. வேர்த்தூவியிலும் இப்படித்தான் நடக்கிறது. வேருக்குள் உள்ள சாறு செறிவானது. வெளியே மண்நீர் நீர்த்தது. எனவே நீர் உள்ளே நுழைகிறது.

இப்போது மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவிப் பாருங்கள். சிறிது நேரத்தில் துண்டிலிருந்து நீர் வெளியே கசியும். வெளியே செறிவு அதிகமாகிவிட்டால், நீர் உள்ளே போகாமல் வெளியே வந்துவிடும்.

உரம் போடுவதில் கவனம் தேவை என்று சொல்வது இதனால்தான். உரமும் ஒரு வகை உப்பு. காய்ந்த மண்ணில் அதிக உரத்தைத் தூரோடு சேர்த்துக் கொட்டினால் என்ன ஆகும்? வேரிலுள்ள நீரை அந்த உரம் வெளியே இழுத்துவிடும். செடி கருகும். உரம் குறைவதால் மட்டுமல்ல, அதிகமாவதாலும் செடி சாகலாம். மண்ணில் ஈரம் இருக்கும்போது, அளவாக, தூரை விட்டுத் தள்ளிப் போடவேண்டும்.

இன்னொரு செய்தி. செடி உரத்தைக் கட்டியாகத் தின்பதில்லை. நீரில் கரைந்த சத்தை மட்டுமே வேர் எடுக்கும். ஈரம் இல்லாத மண்ணில் எவ்வளவு உரம் இருந்தாலும் செடிக்குப் பயன் இல்லை. மூட்டைக்குக் கொடுத்த பணம் மண்ணிலேயே கிடக்கும்.

நாற்றைப் பிடுங்கி நடும்போது வேர்த்தூவிகள் அறுந்துபோகின்றன. அதனால் நாற்று சில நாள் வாடி நிற்கிறது. பைநாற்றை மண் உதிராமல் நட்டால் தூவிகள் பிழைக்கும்.

மேலே போகும் வழி

வேர் எடுத்த நீர் தண்டுக்குப் போகிறது. தண்டின் உள்ளே மரப்பகுதியில் மிக நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. இவற்றுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் சைலம். நீர்ப் பாதை என்று சொல்லலாம். இந்தக் குழாய்கள் இறந்துபோன செல்களால் ஆனவை. உள்ளே வெறும் கூடுதான். வேரிலிருந்து இலை நரம்புவரை இவை தொடர்ந்து செல்கின்றன.

தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் 20 மீட்டருக்கு மேல் வளரும். அமெரிக்காவில் 115 மீட்டருக்கு மேல் உயரமான மரமும் உண்டு. ஆனால் கிணற்றின் மேலே நின்று உறிஞ்சும் பம்ப், சுமார் 10 மீட்டருக்குக் கீழே உள்ள நீரை எடுக்க முடியாது. அப்படியானால் மரத்தின் உச்சிக்கு நீர் எப்படிப் போகிறது?

விடை இலையில் இருக்கிறது. இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். வெயில் படும்போது இத்துளைகள் வழியாக நீர் ஆவியாகிப் போகிறது. இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர். ஒரு துளி ஆவியானால் அந்த இடத்துக்குப் பின்னால் உள்ள துளி வருகிறது. நீரின் துகள்கள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளும் குணம் உடையவை. கயிற்றின் மேல்நுனியை இழுத்தால் கீழ்நுனியும் ஏறுவதுபோல, இலையிலிருந்து வேர்வரை உள்ள நீர்க்கம்பி முழுவதும் மேலே ஏறுகிறது. இழுப்பது சூரியன். செடி இதற்காகத் தன் பலத்தைச் செலவிடுவதில்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர் செடிகள் எவ்வளவு நீரை வெளிவிடுகின்றன என்று நிறுத்துப் பார்த்தார். 1727இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். அயர்லாந்தின் டப்ளின் நகரில் டிக்சன், ஜாலி என்ற இருவர் நீர்க்கம்பி விளக்கத்தை 1894இல் வெளியிட்டார்கள். நம் நாட்டின் ஜகதீஷ் சந்திர போஸ் வேறு விளக்கம் சொன்னார். தண்டில் உள்ள உயிருள்ள செல்கள் துடித்து நீரை ஏற்றுகின்றன என்று 1923இல் எழுதினார். அவருடைய கருவிகள் மிக நுட்பமானவை. உலகம் அவரைப் போற்றியது. ஆனால் நீர் ஏறுவதற்கு டிக்சன், ஜாலி சொன்ன விளக்கமே பிற்காலச் சோதனைகளில் நிலைத்தது. பெரியவர்கள் சொன்னதையும் சோதித்துப் பார்ப்பதுதான் விஞ்ஞானம்.

வேர் எடுக்கும் நீரில் 100 பங்குக்கு 95 பங்குக்கு மேல் இப்படி ஆவியாகிவிடுகிறது. இது வீண் இல்லை. இந்த ஓட்டத்தில்தான் மண்ணின் சத்துகள் மேலே வருகின்றன. இலையும் வெயிலில் வெந்துபோகாமல் குளிர்ச்சியாக இருக்கிறது.

செடி வாடுவது ஏன்?

வரவைவிடச் செலவு கூடினால் குடும்பம் தள்ளாடும். செடியும் அப்படியே. வேர் எடுப்பதைவிட இலை அதிகமாக விட்டால் செடி வாடும். முதலில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். நீர் போவது குறையும். ஆனால் காற்று உள்ளே வரும் வழியும் அதுதான். துளை மூடினால் உணவு தயாரிக்கும் வேலை நின்றுபோகும். கோடையில் கொழுந்து குறைவதற்கு இது ஒரு காரணம்.

ஏலச்செடிக்கு இந்த ஆபத்து மிக அதிகம். அதன் இலைகள் நீளமானவை, அகலமானவை. வேர்களோ மண்ணின் மேல்பகுதியிலேயே பரவியிருக்கும். ஆழத்தில் உள்ள ஈரம் அதற்கு எட்டாது. காட்டு மரங்களின் நிழலில், இலைச்சருகு மூடிய மண்ணில் வளர்ந்த செடி அது. நிழல் மரத்தை அளவுக்கு மீறி வெட்டினால் இலையிலிருந்து நீர் வேகமாகப் போகும். சருகை அள்ளிவிட்டால் மண் சீக்கிரம் காயும். செலவு கூடி, வரவும் குறைந்தால் செடி என்ன செய்யும்?

2024ஆம் ஆண்டு கோடையில் இடுக்கி மாவட்டம் இதைக் கண்ணால் பார்த்தது. மழை தவறியது. வெப்பம் கூடியது. ஏராளமான ஏலத்தோட்டங்கள் காய்ந்தன. கடன் வாங்கிப் பயிர் செய்த சிறு விவசாயிகள் கலங்கிப்போனார்கள். மழையை யாரும் வரவழைக்க முடியாது. ஆனால் மூன்று காரியங்களைச் செய்யலாம். தேவையான நிழலைக் காப்பாற்றலாம். தூரைச் சுற்றிச் சருகால் மூடாக்குப் போடலாம். மழைக்காலத்து நீரைக் குழிகளிலும் குட்டைகளிலும் தேக்கிவைக்கலாம். இவை மூன்றும் செடியின் வரவுசெலவைச் சரிசெய்யும் வேலைகளே.

மழையிலும் வாடும் செடி

ஜூன் மாதம் மழை கொட்டுகிறது. மண் முழுவதும் ஈரம். அப்போதும் மிளகுக்கொடி திடீரென்று வாடி, இலை உதிர்ந்து சாவது உண்டு. தண்ணீருக்குப் பஞ்சம் இல்லையே, ஏன் வாடுகிறது?

வேரும் மூச்சுவிடும். மண் துகள்களின் இடையே உள்ள காற்றுதான் வேருக்கு மூச்சு. நீர் தேங்கினால் காற்று வெளியேறிவிடும். வேர் திணறும். அந்த ஈரத்தில் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் பெருகி வேரையும் தூரையும் அழுகச்செய்யும். மிளகின் துரித வாடல் நோய் இதுதான். வேர் அழுகியபின் சுற்றிலும் நீர் நின்றாலும் செடியால் குடிக்க முடியாது. வெள்ளத்தின் நடுவே தாகத்தால் சாகிறது.

எனவே மழைக்கு முன்பே வடிகால் எடுக்கவேண்டும். நோய் வருமுன் தடுக்க 1 சதவீத போர்டோ கலவையைத் தெளிப்பார்கள். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பது அதன் அளவு. கலக்கும் முறையைக் கிருஷி பவனில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றக்கூடாது. முதலில் மண்ணைத் தோண்டி வேரைப் பார்க்கவேண்டும்.

கீழே வரும் வழி

இலை ஒரு சமையலறை. சூரிய ஒளி அடுப்பு. காற்றிலுள்ள கரியமில வாயுவும் வேர் அனுப்பிய நீரும் சமையல் பொருள்கள். சமைப்பது சர்க்கரை. இந்தச் சர்க்கரை செடி முழுவதற்கும் போகவேண்டும். அது போகும் வழிக்குப் புளோயம் என்று பெயர். உணவுப் பாதை என்று சொல்லலாம். இது மரப்பகுதிக்கு வெளியே, பட்டையின் உள்பக்கத்தில் இருக்கிறது. இதன் செல்கள் உயிருள்ளவை.

நீர்ப் பாதை மேல்நோக்கி மட்டும் போகும். உணவுப் பாதை அப்படி இல்லை. எங்கே உணவு தேவையோ அங்கே போகும். வேருக்குக் கீழே இறங்கும். கொழுந்துக்கும் காய்க்கும் மேலே ஏறும்.

பட்டையை வளையமாக உரித்துவிட்டால் என்ன ஆகும்? இத்தாலி நாட்டின் மால்பிகி என்பவர் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைச் செய்து பார்த்தார். வளையத்துக்கு மேலே தண்டு வீங்கியது. கீழே இறங்க வழி இல்லாமல் உணவு அங்கே தேங்கியது.

தேயிலைத் தோட்டங்களிலும் இந்த வேலை உண்டு. நிழல் மரத்தையோ காட்டு மரத்தையோ அகற்றுவதற்கு முன், அடிமரத்தில் பட்டையை வளையமாக உரித்துவிடுவார்கள். மரம் உடனே சாகாது. உள்ளே நீர்ப் பாதை இருப்பதால் இலை பச்சையாகவே இருக்கும். ஆனால் வேருக்குச் சாப்பாடு வராது. சேமித்த மாவுச்சத்தை வேர் தின்று தீர்க்கும். பிறகு மரம் பட்டுப்போகும். ஏன் இத்தனை நாள் காத்திருக்கிறார்கள்? மாவுச்சத்து நிறைந்த வேரை மண்ணில் விட்டுவைத்தால் அதில் பூஞ்சணம் வளரும். அது பக்கத்துத் தேயிலை வேருக்கும் பரவும். உணவில்லாத வேரில் அது எளிதாகத் தழைக்க முடியாது.

முண்டக்கயம் பக்கம் ரப்பர் வெட்டுபவர்கள் மரத்தைச் சுற்றி முழு வளையமாக வெட்டமாட்டார்கள். பாதிச் சுற்றுதான் வெட்டுவார்கள். மறுபாதிப் பட்டை வழியாக வேருக்கு உணவு இறங்கவேண்டும். ஆடு மாடு பட்டையைச் சுற்றிலும் கடித்த மரம் சாவதற்கும், நடுவில் பொந்து விழுந்த பழைய மரம் உயிரோடு நிற்பதற்கும் காரணம் இப்போது புரியும்.

கவாத்தும் வேரின் சேமிப்பும்

தேயிலை இயல்பில் ஒரு மரம். கவாத்து வெட்டி, கொழுந்து கிள்ளி அதை இடுப்பளவில் நிறுத்துகிறோம். தென்னிந்தியாவில் பொதுவாக 4 அல்லது 5 ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து நடக்கும்.

கவாத்து வெட்டியபின் செடியில் இலை இல்லை. சமையலறை மூடிவிட்டது. ஆனாலும் சில வாரங்களில் புதிய தளிர் வருகிறது. அதற்கு உணவு எங்கிருந்து வந்தது? வேரில் சேமித்த மாவுச்சத்திலிருந்து வந்தது. அது கஷ்டகாலத்துக்கு வைத்த சேமிப்பு. கையில் சேமிப்பு இல்லாதபோது வேலையும் போனால் குடும்பம் என்ன ஆகும்? வேரில் மாவுச்சத்து இல்லாத செடியைக் கவாத்து வெட்டினால் அதே கதிதான். கிளைகள் பட்டுப்போகும். சில செடிகள் துளிர்க்காமலே சாகும்.

இதைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. பென்சில் பருமன் உள்ள வேரை வெட்டி, வெட்டுவாயில் அயோடின் கரைசலைத் தடவுவார்கள். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாக மாறும். நிறம் ஏறாவிட்டால் சேமிப்பு குறைவு. அப்போது சில வாரங்கள் கொழுந்து எடுக்காமல் செடிக்கு ஓய்வு கொடுப்பார்கள். இலைகள் உணவு சமைத்து வேருக்கு அனுப்பும். பிறகு கவாத்து வெட்டலாம். ஓரத்தில் சில கிளைகளை இலையோடு விட்டுவைக்கும் முறையும் உண்டு. அந்த இலைகள் வேருக்குத் தொடர்ந்து சோறு போடும்.

கொழுந்து எடுப்பதிலும் இதே நியாயம்தான். இரண்டு இலையும் ஒரு குருத்தும் எடுக்கவேண்டும். அடியில் உள்ள முற்றிய இலைகளை விடவேண்டும். அவைதாம் சம்பாதிக்கும் இலைகள். எடை கூடும் என்று அவற்றையும் உருவினால் இன்று கூடை நிறையும். நாளை செடி மெலியும்.

2000ஆம் ஆண்டுமுதல் பீர்மேடு பகுதியில் சில தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டன. வேலையும் கூலியும் நின்றன. தொழிலாளர்கள் கிடைத்த கொழுந்தைக் கிள்ளி விற்று வயிற்றைக் கழுவினார்கள். உரமும் கவாத்தும் இல்லாத செடிகள் பல இடங்களில் ஆள் உயரம் தாண்டி மரமாகின. வளர்ந்தது செடிதான். ஆனால் கைக்கு எட்டும் கொழுந்து குறைந்தது. செடிக்கும் உழைப்பவருக்கும் உள்ள உறவு இத்தகையது. ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் வாழ முடியாது.

இலை சொல்லும் சேதி

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் செடிக்கு அதிகமாகத் தேவை. துத்தநாகம், இரும்பு போன்றவை சிறிதளவு போதும். எந்தச் சத்து குறைகிறது என்று எப்படி அறிவது?

சில சத்துகள் செடிக்குள் இடம் மாறும். பற்றாக்குறை வந்தால், செடி முதிய இலையிலிருந்து எடுத்து இளம் இலைக்குக் கொடுக்கும். தான் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டும் தாய் போல. தழைச்சத்து குறைந்தால் அதனால்தான் முதிய இலை முதலில் மஞ்சளாகிறது. சாம்பல்சத்து குறைந்தால் முதிய இலையின் ஓரம் கருகுகிறது.

இரும்பு, துத்தநாகம் போன்றவை எளிதில் இடம் மாறுவதில்லை. இவை குறைந்தால் இளம் இலையில் முதலில் தெரியும். தேயிலையில் துத்தநாகம் குறைந்தால் தளிர்கள் சிறுத்து வரும். இதற்குத் துத்தநாக சல்பேட்டை நீரில் கரைத்து இலைமீதே தெளிப்பார்கள். கீழ் இலையா, மேல் இலையா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதியை மண் பரிசோதனை சொல்லும்.

செய்து பாருங்கள்

1. ஒரு குவளை நீரில் சிவப்பு மையைக் கலக்குங்கள். வெளிர் நிறத் தண்டுள்ள காசித்தும்பைச் செடியை அதில் வையுங்கள். சில மணி நேரம் கழித்துத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சிவந்திருக்கும் புள்ளிகளே நீர்ப் பாதை.

2. வெயிலில் நிற்கும் செடியின் ஒரு கிளையைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். மாலையில் பைக்குள் நீர்த்துளிகளைப் பாருங்கள்.

3. அதிகாலையில் சேம்பு இலையின் நுனியைப் பாருங்கள். அங்கே தொங்கும் துளி எல்லாமே பனி அல்ல. இரவில் வேர் மேலே தள்ளிய நீரும் உண்டு.

பேசுங்கள், எழுதுங்கள்

1. காய்ந்த மண்ணில் உரம் போட்டால் ஏன் பயன் இல்லை?

2. மழைக்காலத்திலும் மிளகுக்கொடி வாடுவது ஏன்?

3. பட்டையை வளையமாக உரித்த மரம் சில காலம் பச்சையாக நிற்பது ஏன்? பிறகு சாவது ஏன்?

4. கவாத்துக்கு முன் செடிக்கு ஓய்வு கொடுப்பதால் என்ன நன்மை?

5. உங்கள் வீட்டருகே வாடிய செடி ஒன்றைப் பாருங்கள். குறை நீர்ப் பாதையிலா, உணவுப் பாதையிலா? காரணத்தை ஐந்து வரிகளில் எழுதுங்கள்.